பின்குறிப்பில் இருந்த சலுகை

கேள்வி: ஐயா, நான் தென் மாவட்டம் ஒன்றில் தாலுகா அலுவலக இளநிலை உதவியாளர். பதினான்கு வருட சர்வீஸ். கணவர் தையல் கடை வைத்திருக்கிறார். மகள் இந்த ஆண்டு பிளஸ் டூ முடித்தாள். பொறியியல் படிக்க ஆசைப்படுகிறாள். பக்கத்து மாவட்டத்தில் உள்ள ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ‘அரசு ஊழியர் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணத்தில் 30 சதவீதச் சலுகை’ என்று எங்கள் அலுவலகத்துக்கே வந்து நோட்டீஸ் கொடுத்தது. சீட்டை உறுதி செய்ய 10,000 ரூபாய் கட்டிவிட்டேன். மீதியை மாதக் கடைசிக்குள் கட்டினால்தான் சலுகை என்கிறார்கள். உடன் வேலை செய்யும் ஒருவரோ, ‘அரசு ஊழியர் பிள்ளைகளின் ஃபீஸை அரசாங்கமே திருப்பித் தரும், பில் போட்டால் போதும்’ என்கிறார். அப்படி அரசாணை இருக்கிறதா? சலுகையை நம்பிச் சேர்க்கலாமா? கல்லூரி கொடுத்த கட்டண விவரத்தையும் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். மகனுக்கு இப்போதுதான் பத்தாம் வகுப்பு, மெட்ரிக் பள்ளியில்.

பி.கு: மகளை மெட்ரிக் பள்ளியில் சேர்க்க அன்றைக்கு வசதியில்லை. ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளிதான். எனக்கு மாறுதல் வந்ததால் ஏழாம் வகுப்பு மட்டும் வேறு ஊர் அரசுப் பள்ளி. சொந்தக்காரர்கள் இன்றுவரை இதைச் சொல்லிக் காட்டுகிறார்கள். கட்-ஆஃப் 200-க்கு 162.5.

பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை மேலிருந்து கீழாக. பின்குறிப்புக்கு வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து படித்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில்.

தமிழ்நாடு அரசு ஊழியர் என்ற ஒரே காரணத்துக்காகப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தில் இத்தனை சதவீதம் தள்ளுபடி என்றோ, கட்டியதைத் திருப்பித் தருகிறோம் என்றோ நீங்கள் பில் போடக்கூடிய அரசாணை எதுவும் இல்லை. முப்பத்தொரு வருடம் கருவூலத்தில் பில் தணிக்கை செய்தே காலம் தள்ளியவன் நான். மருத்துவச் செலவு, பயணப்படி, விடுப்பு ஒப்படைப்பு என்று எத்தனையோ வகை பில் என் மேசைக்கு வந்திருக்கிறது. கல்லூரி ஃபீஸ் பில் ஒன்றுகூட வந்ததில்லை. சந்தேகமாக இருந்தால் உங்கள் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அடிப்படை ஊதியம், அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, மருத்துவப்படி என்று வரிசையாக இருக்கும். கல்விப்படி என்று ஒரு வரி இருக்காது.

உங்கள் நண்பருக்கு இந்த எண்ணம் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. அவர் வீட்டில் யாராவது தபால் துறையிலோ ரயில்வேயிலோ இருப்பார்கள். மத்திய அரசு ஊழியர்களுக்குக் குழந்தைகள் கல்விப்படி என்று ஒன்று உண்டு. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பிறகு அது ஒரு பிள்ளைக்கு மாதம் 2,250 ரூபாயாக இருந்தது. அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டபோது, 2024 ஜனவரி 1 முதல், 2,812 ரூபாய் 50 காசாக உயர்ந்தது. வருடத்துக்கு 33,750 ரூபாய். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு விடுதி மானியம் மாதம் 8,437 ரூபாய் 50 காசு. மூத்த பிள்ளைகள் இருவருக்கு மட்டும். பள்ளிக்கு எவ்வளவு கட்டினார்கள் என்று ரசீதைக் கூட்டிப் பார்ப்பதில்லை. பிள்ளை படித்தது உண்மை என்று பள்ளியிலிருந்து சான்று வந்தால் போதும்.

ஆனால் அதுவும் பிளஸ் டூவோடு நின்றுவிடும், கல்லூரிக்கு வராது. ஒரே ஒரு சந்து இருக்கிறது. பத்தாவது முடித்துவிட்டுப் பதினொன்றாம் வகுப்புக்குப் போகாமல் பாலிடெக்னிக்கிலோ ஐ.டி.ஐ.யிலோ சேர்ந்த பிள்ளைக்கு, முதல் இரண்டு வருடத்துக்கு அந்தப் படியை வாங்கலாம். மத்திய அரசில் இருப்பவர்கள் பலருக்கே இது தெரியாது. நண்பரின் உறவினருக்குப் பயன்படும் என்றால் சொல்லிவிடுங்கள்.

மாநில அரசு ஊழியருக்கு இருப்பது கல்வி முன்பணம். 2025 ஏப்ரல் 28 அன்று சட்டமன்றத்தில் விதி 110-இன் கீழ் முதலமைச்சர் வெளியிட்ட அறிவிப்புகளில் இதுவும் ஒன்று. தொழிற்கல்விக்கு 1 லட்சம் ரூபாய், கலை அறிவியல் மற்றும் பாலிடெக்னிக் படிப்புக்கு 50 ஆயிரம் ரூபாய் என்று உயர்த்தினார்கள். பண்டிகை முன்பணம் 10 ஆயிரத்திலிருந்து 20 ஆயிரம் ஆனதும் அதே நாளில்தான்; அது மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது, கல்வி முன்பணத்தை யாரும் பேசுவதில்லை. பெயரிலேயே விஷயம் இருக்கிறது: இது முன்பணம். இன்று வாங்கினால் மாதா மாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். தள்ளுபடி இல்லை. ஆனாலும் ஜூன் மாதத்தில் நகையைத் தூக்கிக்கொண்டு அடகுக் கடைக்கு ஓடுவதற்கு இது எவ்வளவோ மேல். உங்கள் பணம் பெற்று வழங்கும் அலுவலர் மூலம் விண்ணப்பிக்க வேண்டும். நிதி ஒதுக்கீட்டைப் பொறுத்துத்தான் பணம் கைக்கு வரும், அதனால் சேர்க்கை முடிந்த கையோடு கொடுத்துவிடுவது நல்லது.

சரி, நோட்டீஸுக்கு வருவோம்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு வருடத்துக்குக் கல்விக் கட்டணம் 1,60,000. வளர்ச்சிக் கட்டணம் 45,000. பயிற்சி மற்றும் வேலைவாய்ப்புக் கட்டணம் 25,000. பேருந்துக்கு 35,000. ஆக மொத்தம் 2,65,000. முப்பது சதவீதம் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கும் சலுகை ‘கல்விக் கட்டணம்’ என்ற முதல் வரிக்கு மட்டும்தான். அதாவது 48,000 ரூபாய். தாளின் அடியில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, எறும்பு ஊர்வது மாதிரி ஒரு வரி இருக்கிறது, கவனித்தீர்களா? சலுகை முதலாம் ஆண்டுக்கு. அடுத்தடுத்த ஆண்டுகளில் அரியர் எதுவும் இல்லாமல் சி.ஜி.பி.ஏ. 8.5-க்குக் குறையாமல் இருந்தால் தொடரும்.

இப்போது கணக்குப் போடுவோம். நான்கு வருடத்துக்கு நீங்கள் கட்ட வேண்டியது 10,60,000. முதல் வருடச் சலுகை மட்டும் கிடைத்தால் குறைவது 48,000. நூற்றுக்கு ஐந்து ரூபாய்கூட இல்லை. உங்கள் மகள் ஒரு பருவத்திலும் சறுக்காமல் நான்கு வருடமும் சலுகையைத் தக்கவைத்தாலும் குறைவது 1,92,000, நூற்றுக்குப் பதினெட்டு. முப்பது எங்கேயும் வரவில்லை. இதில் வருடா வருடம் கட்டணத்தை உயர்த்த மாட்டோம் என்றும் அந்தத் தாளில் எங்கும் சொல்லவில்லை.

இதை மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். ஆடித் தள்ளுபடியில் விலையை ஏற்றி எழுதிவிட்டு அடித்துக் காட்டுவார்களே, அந்த வகை வியாபாரம். அரசு ஊழியர்களைத் தேடி வருவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. அவர்கள் கேட்பது உங்கள் அடையாள அட்டை நகலும் மூன்று மாதச் சம்பளச் சீட்டும். மாதா மாதம் தவறாமல் சம்பளம் வரும், வங்கி கேள்வி கேட்காமல் கடன் தரும், நான்கு வருடமும் ஃபீஸ் நிற்காது. இந்த உத்தரவாதத்துக்குத்தான் அந்த 48,000. தையல் கடைக்காரர் மகள் என்று விண்ணப்பித்திருந்தால் இந்தச் சலுகை வந்திருக்காது. இத்தனைக்கும் அவள் தையல் கடைக்காரர் மகளும்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கொஞ்சம் கசப்பாக இருந்தாலும். நீங்கள் வருவாய்த் துறையில் இருக்கிறீர்கள். பட்டா மாறுதல், நில அளவை, நிலவகை மாற்றம் என்று அந்த நிறுவனத்தின் கோப்பு ஏதாவது உங்கள் மேசைக்கோ உங்கள் அலுவலகத்துக்கோ வருமா? எல்லா அரசு ஊழியர்களுக்கும் பொதுவாக அறிவித்த சலுகையில் பிரச்சினை இல்லை. ஆனால், ‘உங்களுக்காக இன்னும் பத்து சதவீதம் குறைத்துத் தருகிறோம் மேடம்’ என்று யாராவது தனியாகச் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். 1973-ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளில் அன்பளிப்பு என்பது ரொக்கமும் நகையும் மட்டும் இல்லை. பணப் பயன் தரும் எதுவும் அதில் அடங்கும். 2018-இல் திருத்திய ஊழல் தடுப்புச் சட்டம் ‘தகாத ஆதாயம்’ என்ற சொல்லை வைத்து வலையை இன்னும் அகலமாக்கியிருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவர், வேறு துறைக்காரர், மகனுக்குக் கல்லூரிப் பேருந்துக் கட்டணம் வேண்டாம் என்று சொன்னதை நல்ல மனது என்று நினைத்து ஏற்றுக்கொண்டார். இரண்டு வருடம் கழித்து யாரோ மொட்டைக் கடிதம் போட்டார்கள். ஓய்வுபெறும் நாளில் அவர் கையில் பூமாலைக்குப் பதில் 17(ஆ) குற்றச்சாட்டுக் குறிப்பாணைதான் இருந்தது.

அப்புறம், பின்குறிப்பு.

வசதியில்லாமல் அரசுப் பள்ளியில் சேர்த்தேன் என்று ஏதோ குறை போலச் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் குடும்பத்தில் இருக்கும் ஒரே பெரிய கட்டணச் சலுகை அந்த வரியில்தான் இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது. முதலில், 2020-இல், மருத்துவத்துக்கு வந்தது. நீதிபதி முருகேசன் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு 2021-இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய தொழிற்கல்விகளுக்கும் தனிச் சட்டம் போட்டார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 20 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தில் இந்த ஒதுக்கீட்டில் சேர்ந்த மாணவர்களுக்கு ஆணை கொடுத்த விழாவில், அவர்களுடைய கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் அனைத்தையும் அரசே ஏற்கும் என்று முதலமைச்சர் அறிவித்தார்.

இதில் பெற்றோரின் வருமானத்துக்கு வரம்பு இல்லை. தாய் அரசு ஊழியராக இருந்தால் கிடையாது என்றும் எங்கும் இல்லை. பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தது என்பது மட்டும்தான் கேள்வி. மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகள், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் எல்லாம் கணக்கில் வரும். அரசு உதவிபெறும் பள்ளி வராது. பெயரில் ‘அரசு’ இருப்பதால் பல பெற்றோர் இங்கே ஏமாந்து போகிறார்கள். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டாவது வரை தனியார் பள்ளியில் இலவசமாகப் படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாறியவர்களுக்கும் இடம் உண்டு.

உங்கள் மகளின் 162.5-ஐ வைத்துப் பேசுவோம். பொதுத் தரவரிசையில் அது நடுவாந்தரம்தான். கணினி அறிவியல் வேண்டும், பெயருள்ள கல்லூரி வேண்டும் என்றால் கஷ்டம். 7.5 சதவீதத்துக்குத் தனித் தரவரிசைப் பட்டியல் போடுவார்கள். அந்த வரிசையில் அவள் போட்டியிடுவது அரசுப் பள்ளிப் பிள்ளைகளோடு மட்டும். அங்கே இதே மதிப்பெண்ணுக்கு மதிப்பு வேறு. அரசுக் கல்லூரி, உதவிபெறும் கல்லூரி மட்டும் இல்லை, சுயநிதிக் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் இதில் வருகின்றன. சுயநிதிக் கல்லூரியில் கிடைத்தாலும் கட்டணத்தைக் கல்லூரிக்கு அரசே கொடுக்கும். ‘இப்போது நீங்கள் கட்டுங்கள், அரசுப் பணம் வந்ததும் திருப்பித் தருகிறோம்’ என்று கல்லூரி அலுவலகத்தில் சொன்னால் தலையாட்டாதீர்கள். எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். எழுதித் தர மாட்டார்கள், பேச்சு அத்தோடு முடியும்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. இந்தச் சலுகை 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கலந்தாய்வு வழியாகக் கிடைத்த இடத்துக்குத்தான். அதே மாணவி பொதுப் பிரிவில் கிடைத்த இடத்தைத் தேர்ந்தெடுத்தால் கட்டணம் உங்கள் தலையில். நிர்வாக ஒதுக்கீட்டுக்கு இல்லை. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் இந்தக் கலந்தாய்வுக்குள்ளேயே வராது. நீங்கள் 30 சதவீதத்தைப் பார்த்து மீதிப் பணத்தையும் கட்டியிருந்தால், 48,000 ரூபாய்க்காக நான்கு வருட இலவசப் படிப்பைக் கைவிட்டிருப்பீர்கள்.

ஒரு பேச்சுக்கு, 7.5-இல் அவள் விரும்பிய பாடம் கிடைக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் கலந்தாய்வு இடம் மலிவு. சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், தேசிய அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000 ரூபாய் என்று கட்டண நிர்ணயக் குழு 2017-இல் வைத்தது. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000, 87,000. அவள் சேரும் ஆண்டுக்கான ஆணையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 55,000 என்று எடுத்தால் நான்கு வருடத்துக்கு 2,20,000. நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் ஒரு வருடத்துக்கே அதைவிட அதிகம் கேட்கிறார்கள், சலுகையைக் கழிப்பதற்கு முன்னால். குழு வைத்த கட்டணத்துக்கு மேல் வாங்குவது 1992-ஆம் ஆண்டு நன்கொடைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

புதுமைப் பெண் திட்டத்தை மறந்துவிடாதீர்கள். 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கியது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தனி. விண்ணப்பம் கல்லூரி மூலமாகப் போகும். அவள் பெயரில் கணக்குத் தொடங்கி ஆதாரை இணைத்துவையுங்கள். உங்கள் கணக்கு எண்ணையோ கூட்டுக் கணக்கையோ கொடுத்துவிட்டுப் பிறகு அலையாதீர்கள்.

இனி அந்த 10,000 ரூபாய். ரசீதில் ‘திருப்பித் தரப்படாது’ என்று அச்சடித்திருப்பது தெரிகிறது. அச்சடித்துவிட்டால் சட்டமாகிவிடாது. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் வெளியிட்ட அறிவிக்கை நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களையும் கட்டுப்படுத்தும். சேர்க்கைக்குக் கடைசி நாள் என்று நிறுவனம் அறிவித்த தேதிக்குப் பதினைந்து நாளோ அதற்கு முன்போ விலகினால் முழுத் தொகையும் திரும்ப வேண்டும். நடைமுறைச் செலவு என்று கட்டிய தொகையில் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் மட்டும் பிடிக்கலாம். பதினைந்து நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசி நாள் கடந்து பதினைந்து நாள் வரை 80, அதற்கு மேல் முப்பது நாள் வரை 50. அப்புறம் ஒன்றும் இல்லை. நீங்கள் இப்போதே எழுதிக் கொடுத்தால் உங்கள் 10,000-இல் அவர்கள் பிடிக்க முடிவது 500 ரூபாய். விலகல் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள்; தேதிக்குச் சாட்சி வேண்டும். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ் அசலைக் கொடுத்திருந்தால் அதையும் கேளுங்கள். அசலைப் பிடித்துவைக்க அவர்களுக்கு அதிகாரம் இல்லை. இழுத்தடித்தால் மானியக் குழுவின் இ-சமாதான் தளத்தில் புகார் பதியலாம்.

ஆனால் கலந்தாய்வில் இடம் உறுதியாகும்வரை விலகாமல் இருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். நியாயம்தான். அந்த நிறுவனத்தின் கடைசி நாள் என்ன என்று முதலில் பார்த்து, காலண்டரில் அதற்குப் பதினாறு நாள் முன்னால் ஒரு வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். மீதிப் பணத்தை மட்டும் கட்டிவிடாதீர்கள்.

முதல் பட்டதாரிச் சலுகையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் யாராவது கிளப்பிவிடுவார்கள். 2010-இல் வந்த அந்தச் சலுகைக்கும் வருமான வரம்பு கிடையாது, அரசு ஊழியர் பிள்ளையும் வாங்கலாம். பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர் யாரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது. பத்தாவது தகுதியில் குரூப் 4 எழுதி வேலைக்கு வந்துவிட்டு, பதவி உயர்வுக்காகத் தொலைதூரக் கல்வியில் பி.ஏ. முடித்தவர்கள் நம் அலுவலகங்களில் ஏராளம். நீங்களும் அப்படி முடித்திருந்தால் அந்தச் சான்றிதழ் கிடைக்காது. தாலுகா அலுவலகத்தில் வேலை செய்கிறீர்கள், அந்த மனுக்களை நீங்களே எத்தனையோ பார்த்திருப்பீர்கள்.

வருமான வரியில் கல்லூரிக் கட்டணத்தைக் கழிக்கலாமே என்று ஒரு யோசனை சுற்றுகிறது. பழைய வரி முறையில் உண்டு, இரண்டு பிள்ளைகளுக்கு, மற்ற சேமிப்போடு சேர்த்து 1.5 லட்சம் வரை. அதுவும் கல்விக் கட்டணம் மட்டும், வளர்ச்சிக் கட்டணமும் நன்கொடையும் சேராது. உங்கள் சம்பளத்துக்கு இதெல்லாம் தேவையே இல்லை. புதிய முறையில் சம்பளக்காரருக்கு 12,75,000 வரை வரி வராது.

மகனுக்கு வருகிறேன். அக்காவுக்குக் கிடைத்தது தம்பிக்கும் கிடைக்கட்டும் என்று பதினொன்றாம் வகுப்பில் அவனை அரசுப் பள்ளிக்கு மாற்ற நினைத்தால், இந்தச் சலுகைக்காக மட்டும் என்றால் வேண்டாம். ஆறாவதிலிருந்து படித்திருக்க வேண்டும் என்பதால் 7.5-உம் வராது, புதுமைப் பெண் மாதிரி பையன்களுக்கு இருக்கும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் 1,000 ரூபாயும் வராது. அவன் நன்றாகப் படிக்கிறவன், என்.ஐ.டி. போன்ற இடங்களுக்கு முயற்சி செய்வான் என்றால் வேறு ஒரு வழி இருக்கிறது. நீங்கள் மத்தியப் பட்டியலில் உள்ள பிற்படுத்தப்பட்ட வகுப்பு என்றால், ‘வசதி படைத்தோர் பிரிவில் வராதவர்’ என்ற சான்றை வாங்கி, அங்கே பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டில் இடம் கேட்கலாம். அந்தச் சான்றுக்கு உள்ள எட்டு லட்ச ஆண்டு வருமான வரம்பைக் கேட்டதும் அரசு ஊழியர்கள் பலர், நம் சம்பளம் தாண்டிவிடுமே என்று விட்டுவிடுகிறார்கள். அந்தக் கணக்கில் சம்பளம் சேராது, விவசாய வருமானமும் சேராது. அரசு ஊழியருக்குப் பார்ப்பது பதவி நிலையை. தாயோ தந்தையோ நேரடியாகத் தொகுதி அ (குரூப் ஏ) பணியில் சேர்ந்தவர் என்றாலோ, இருவருமே தொகுதி ஆ என்றாலோ கிடைக்காது. இளநிலை உதவியாளர் தொகுதி இ. தையல் கடையில் எட்டு லட்சம் மிஞ்சினால் ஒழிய உங்களுக்குத் தடை இல்லை.

இதைப் படிக்கும் மற்ற அரசு ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. பட்டியல் சாதி, பழங்குடியினராக இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு 2.5 லட்ச வருமான வரம்பு உங்களைத் தடுத்துவிடும். ஆனால் ஐ.ஐ.டி.யிலும் என்.ஐ.டி.யிலும் பி.டெக். கல்விக் கட்டணம் அந்தப் பிள்ளைகளுக்கு வருமானம் பார்க்காமல் முழுவதும் தள்ளுபடி. ஆசிரியர்கள், தொழிற்கல்வி படிக்கும் பிள்ளைகளுக்குத் தேசிய ஆசிரியர் நல நிதியில் கேட்கலாம். முன்னாள் படைவீரர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிரதமர் கல்வி உதவித்தொகை, பெண்ணுக்கு மாதம் 3,000, பையனுக்கு 2,500.

கடைசியாக உங்களுக்கு ஒரு அவசர வேலை. கலந்தாய்வுப் பதிவு முடிவதற்குள் மகள் பெயரைப் பதிந்துவிடுங்கள். 7.5 சதவீதம் கேட்கும் இடத்தில் ‘ஆம்’ என்று போட மறக்க வேண்டாம். ஆறு முதல் பன்னிரண்டு வரை எந்த வருடம் எந்தப் பள்ளி என்று தலைமையாசிரியர் சான்று தர வேண்டும். சிக்கல் வந்தால் அந்த ஏழாம் வகுப்பில்தான் வரும். ‘எமிஸ்’ என்ற பள்ளிக் கல்வித் துறையின் கணினிப் பதிவில் அந்த ஒரு வருடம் விடுபட்டிருக்கலாம், பள்ளியின் பெயர் தப்பாக ஏறியிருக்கலாம். இப்போது படித்த பள்ளியில் முதலில் திரையைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். இல்லை என்றால் மகளின் பழைய மாற்றுச் சான்றிதழ் நகலை எடுத்துக்கொண்டு ஏழாவது படித்த ஊருக்குப் போய், அந்தப் பள்ளித் தலைமையாசிரியரிடம் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்துக் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள். கோடை விடுமுறை, ஆள் இருக்க மாட்டார்கள். போன் செய்துவிட்டுப் போங்கள். திங்கட்கிழமைக்கு ஒரு தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.